படகை மாட்டியதும் உட்கார்ந்த வேன்

பேரன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே அம்மாவும், நானும், என் வீட்டுக்காரியும் நலம். வேனுக்குத்தான் உடம்பு சரியில்லாமல் இருந்து தேறியிருக்கிறது. அங்கே நீயும் மாமாவும் பிள்ளைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

அப்பா செய்த மரப்படகை உன் வீட்டுப் பக்கத்து ஏரிக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று போனில் வாயை விட்டேன் அல்லவா, அதற்காகக் கொட்டகையிலிருந்து படகை இழுத்து, இரவல் ட்ரெய்லரில் ஏற்றி, அப்பாவின் பழைய வேனில் மாட்டினேன். மாட்டியதும் வேன் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று கிளம்பினால், முன்சக்கரம் ரோட்டில் பதியவே இல்லை, ஸ்டியரிங்கைத் திருப்பினால் வேன் யோசித்துப் பார்த்துத்தான் திரும்புகிறது. இருட்டினதும் லைட்டைப் போட்டேன், வெளிச்சம் மரக்கிளையில போய் விழுந்து, தூங்கப்போன காக்காய்ங்க எல்லாம் விடிஞ்சிருச்சுன்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. எதிர்ல வந்த லாரிக்காரர் வண்டியை நிறுத்தி என் வம்சத்தையே விசாரிச்சுட்டுப் போனார். நான் இறங்கி, படகை ட்ரெய்லரோட கடைசிக்குத் தள்ளிக் கட்டினேன். வேன் நிமிர்ந்துச்சு, ஆனா ட்ரெய்லர் நாய்வால் மாதிரி ஆட ஆரம்பிச்சுது. பக்கத்துல இருந்த என் வீட்டுக்காரி ரெண்டு கையாலயும் சீட்டைப் பிடிச்சுக்கிட்டா. ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் மெக்கானிக் வந்தார், அப்பா காலத்திலேர்ந்து வர்றவர்தான், நாம 'இருமல்'னு பேர் வெச்சோமே அவர். முதல்ல வேனோட பின்கதவைத் திறந்தார். உள்ள நங்கூரம், துடுப்பு, அப்பாவோட கருவிப்பெட்டி, மிச்சமான ரெண்டு சிமெண்ட் மூட்டை. படகை இழுக்கிறியா, இல்ல வீட்டையே இழுக்கிறியான்னு கேட்டார். எல்லாத்தையும் இறக்கினோம். ட்ரெய்லர் பாரத்துல பத்துல ஒரு பங்குதான் கொக்கியில அழுத்தணும்னு படகைக் கொஞ்சம் முன்னால நகர்த்தினார். அப்புறம் தளர்ந்துபோன பின் ஸ்பிரிங்குக்குள்ள ரப்பர் பையை வெச்சு, சைக்கிளுக்கு அடிக்கிற மாதிரி காத்தடிச்சார். படுத்திருந்த மாடு பின்னங்காலை ஊன்றி எழுந்திருக்குமே, அப்படி மெல்ல எழுந்துச்சுக்கா நம்ம வேன்.

பார்த்ததும் உன் ஞாபகம்தான். நம்ம எல்லாரையும் அடைச்சுக்கிட்டுப் போறப்போ பின்பக்கம் தாழ்ந்தா, அப்பா உன்னை மட்டும் முன்சீட்டுக்குக் கூப்பிடுவாரே, நீயும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே போய் உக்காந்து, வழி முழுக்க ரேடியோவைத் திருகிக்கிட்டு வருவியே. அந்த சீட்டுக்காகவே நீ ரெண்டு தட்டு சாப்பிடறேன்னு எனக்கு அப்பவே சந்தேகம்.

நேத்து படகோட ஒரு சுத்து போய்ப் பார்த்தோம். பின்சீட்டுல அம்மா. பாதி வழியில, "உங்கப்பா ஓட்டினா இப்படித்தான் அலுங்காம போகும்"னாங்க. அப்பா ஓட்டினப்போ நம்ம தலை எத்தனை தடவை கூரையில இடிச்சிருக்குன்னு உனக்குத் தெரியும். நான் ஆமாம்மான்னு சொன்னேன்.

ஆகவே வருகிற சனிக்கிழமை படகோடு உன் வாசலில் நிற்பேன். மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீச்சல் கற்று, நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

அன்புத் தம்பி.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் அம்மா வந்து படகை இறக்கச் சொல்லிட்டாங்க. அவர் செஞ்சது இங்கயே இருக்கட்டுமாம், அவங்கதான் உன்கிட்ட வர்றாங்களாம். ட்ரெய்லர்ல இப்போ அவங்க இரும்பு பீரோ, தையல் மிஷின், கட்டில். எத்தனை நாள் தங்கப் போறீங்கன்னு கேட்டேன். "பீரோவைத் தூக்கிட்டுப் போறவகிட்ட கேக்கற கேள்வியாடா இது?"ன்னாங்க.