நாணயமான சூதாட்டத் தளம் தேடிய அபூ நிம்ர்

தோண்டித் துருவிப் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தர்பூசணி வாங்கப் போனால் வண்டியிலுள்ள அத்தனை பழத்தையும் தட்டிப் பார்ப்பார்கள், காதை வைத்துக் கேட்பார்கள், காம்பை முகர்வார்கள், கடைக்காரனின் பூர்வீகத்தை விசாரிப்பார்கள். கடைசியில் அவன் "இதை எடுத்துக்கோங்க" என்று நீட்டுகிற பழத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

லெபனானில், ஸாஹ்லே நகரத்து அபூ நிம்ர் இந்த இனத்தின் தலைமகன். சொந்தப் பெயர் தன்னூஸ். 'அபூ' என்றால் அப்பா; மூத்த பிள்ளை நிம்ரின் பெயரைச் சொல்லித்தான் ஊர் கூப்பிடும். இப்போது அவர் ஆராய்வது எதைத் தெரியுமா? இணையச் சூதாட்டத் தளங்களில் எது நாணயமானது என்பதை! சாபாவின் முடிதிருத்தும் கடையில், கழுத்தில் கட்டிய துணியோடு அமர்ந்து பாடம் நடத்துவார்.

"முதல்ல லைசென்ஸ் பாரு சாபா. இவனுங்களுக்கு லைசென்ஸ் விக்கிறது எங்கேயோ இருக்கிற குட்டித் தீவுங்கதான்; எந்தத் தீவு கொடுத்தது, நம்பர் என்னன்னு பாரு. அந்த முத்திரையைத் தொட்டா உள்ள ஒரு பக்கம் திறக்கணும். வெறும் படமா நின்னா ஓடிப்போயிடு."

"நான் எதுக்கு ஓடணும் அண்ணே? நான்தான் ஆடறதே இல்லையே."

"நானும்தான் ஆடறதில்லை. அதுவா இப்ப முக்கியம்? போனஸ்னு அள்ளிக் கொடுக்கிறான் பாரு, அந்தக் காசை நாப்பது தடவை ஆட்டத்துல வச்சு உருட்டினாத்தான் வெளிய எடுக்க முடியும். அது அடியில பொடி எழுத்துல இருக்கும். பார்த்து வெட்டுப்பா, காதை எடுத்துடாதே!"

நிபந்தனைகளைப் படிப்பார். விமர்சனங்களைப் படிப்பார். எல்லாரும் புகழ்ந்திருந்தால் அது சொந்தக்காரர்கள் எழுதியது என்று தள்ளுவார். எல்லாரும் திட்டியிருந்தால் அதையும் தள்ளுவார். நாலு பேர் புகழ்ந்து ஒருவர் மட்டும் நியாயமாகச் சலித்துக்கொண்டிருந்தால் முகம் மலர்வார். பிறகு உதவி மையத்துப் பெண்ணிடம் அரட்டைப் பெட்டியில் விசாரணை நடக்கும். நீ எந்த ஊரம்மா? யார் மகள்? "உங்கள் கேள்விக்கு நன்றி" என்று பதில் வந்ததற்காகவே ஒரு தளத்தை அவர் நிராகரித்தார். ஊர் பெயர் சொல்லாத பெண்ணை வேலைக்கு வைத்திருப்பவனிடம் எப்படிக் காசைக் கொடுப்பது?

சரி, இதே மனிதர் தன் ஆயுள் சேமிப்பை வைத்த வங்கியை எப்படித் தேர்ந்தெடுத்தார்? தரை பளிங்காக இருந்தது. மேலாளர் எழுந்து நின்று கைகுலுக்கி, ஏலக்காய் போட்ட காபி கொடுத்தார். அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் நாட்டிலுள்ள எல்லா வங்கியும் போல அதுவும் கதவைச் சாத்தியது. திறந்தபோது, "உங்க பணம் பத்திரமா இருக்கு" என்றது. அத்தனை பத்திரம், உரியவருக்கே எட்டவில்லை. அன்று தொடங்கியதுதான் இந்தத் துருவல். கேலி செய்தாலும், எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டு.

கடைசியில் ஒரு தளம் தேறியது. இறுதிப் பரீட்சையாக ஒரு இருபது டாலரைப் போட்டு, பேருக்கு ஒரு சுற்று ஆடி, உடனே திருப்பிக் கேட்டார். மறுநாளே தெருமுனைப் பணப் பரிமாற்றக் கடையில் வந்து சேர்ந்தது! நோட்டை முத்தமிட்டுக்கொண்டு சாபாவின் கடைக்குள் ஓடினார். ரொட்டிக்குள் வைத்த குனாஃபா இனிப்பு எல்லாருக்கும் வந்தது. அதற்கு ஆன செலவில் அந்த இருபதும் கரைந்தது.

"எவ்வளவு ஜெயிச்சீங்க அண்ணே?" என்றான் சாபா.

"ஜெயிக்கிறதா? என் காசை எனக்கே திருப்பிக் கொடுத்தான்யா!"

"இதுக்கா இவ்வளவு கூத்து?"

"பாங்க் வாசல்ல நின்னிருந்தா உனக்குப் புரியும்."

இங்கேதான் அபூ நிம்ர் தன் இனத்துக்கே உரிய காரியத்தைச் செய்தார். அவர் மனைவி நௌஹாத், சூரிய மின்தகடு வாங்குவதற்காகக் கோதுமை ரவை டப்பாவில் டாலர் சேர்த்து வைத்திருந்தாள். மொட்டை மாடியில் இரும்புச் சட்டம்கூட மாட்டியாகிவிட்டது. தகடு வந்தால், மின்சாரம் போகும் நேரமெல்லாம் தெருவுக்குக் காசுக்கு மின்சாரம் விற்கும் ஜெனரேட்டர்காரன் கருணைக்குக் காத்திராமல் குளிர்பெட்டி ஓடும். அந்தப் பணத்தை அப்படியே எடுத்துத் தளத்தில் போட்டார். ஆடுவதற்கு அல்ல, ஐயா. பத்திரமாக வைப்பதற்கு! டப்பாவுக்குத் திருட்டுப் பயம், வங்கியை நினைத்தாலே வயிற்றெரிச்சல். கேட்டதும் கொடுக்கிற யோக்கியன் இவன் ஒருவன்தானே?

வைத்த பணம் சும்மா கிடந்தது. பக்கத்தில் சீட்டு மேசை மினுக்கியது. ஒரு கை ஆடிப் பார்த்தார், விட்டதைப் பிடிக்க இன்னொரு கை ஆடினார். வாரம் முடிவதற்குள் பணம் காலி.

நௌஹாத் காலி டப்பாவை மேசைமேல் வைத்தாள். "ஏமாத்திட்டானா தன்னூஸ்?"

"சேச்சே! ஒரு பைசா ஏமாத்தலை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரசீது அனுப்பியிருக்கான், பாரு!" குரல் உயர்ந்ததே தவிர, கண் அவள் பக்கம் போகவில்லை.

"பாங்க்காரனையாவது வாய் வலிக்கிற வரைக்கும் திட்ட முடிஞ்சுது," என்றாள் அவள். "இப்ப நான் யாரைத் திட்டறது, சொல்லு?"

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. குளிர்பெட்டி ஒரு தடவை உறுமி அடங்கியது. அபூ நிம்ர் ஓர் அட்டைத் துண்டை எடுத்து அவளுக்கு விசிறத் தொடங்கினார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாடியிலுள்ள சட்டத்தில் இப்போது துணி காய்கிறது. நல்ல வெயில், சீக்கிரம் காய்ந்துவிடுகிறதாம்.

நீங்கள் சிரிக்கலாம். நான் அப்படிப்பட்ட ஆளே இல்லை, சூதாட்டம் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை என்று மார்தட்டலாம். தாராளமாக. ஒன்றுக்கு மட்டும் மறைக்காமல் பதில் சொல்லுங்கள். மறுநாளே பணத்தைத் திருப்பிக் கொடுத்த அந்தத் தளத்தின் பெயரைக் கதை சொல்கிற இந்த ஆள் இன்னும் சொல்லவில்லையே என்று, படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்குத் தோன்றியதா இல்லையா?