மாமனாருக்கு ஒரு கத்தி

வாயால் வடை சுடுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். நான் வாயால் கத்தி அடித்தவன். வடை தீய்ந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். கத்தி விஷயம் அப்படியில்லை என்பது எனக்குப் புரிவதற்குள், உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த என் மாமனாரை நானே பரலோகத்துக்கு அனுப்பியிருந்தேன்.

மாமனாருக்குச் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை. தொடை எலும்பை அவர் வெட்டினால் கட்டையில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்கும். நானோ சாங்கிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து, எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் போகிறது என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். கல்யாணமான புதிதில் என் கையைக் குலுக்கிவிட்டு, கை பன்னு மாதிரி இருக்கிறதே மாப்பிள்ளை என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான்தான் அதை மனதில் வைத்துக்கொண்டு வெந்துகொண்டிருந்தேன்.

அவருடைய அறுபதாம் கல்யாணம் ஆவணியில் வந்தது. காலையில் கோயிலில் சடங்கு, மதியம் லிட்டில் இந்தியாவில் ஒரு மண்டபத்தில் விருந்து. கேக் என் மனைவி மாலதியின் பொறுப்பு. தெம்பனிஸில் எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே கேக் செய்து விற்கிறவள் அவள். அந்த ஓவனை நான் தொட்டால்கூடத் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். குடும்பமே கூடி உட்கார்ந்து, கேக் வெட்டும் கத்திக்கு என்ன நிற ரிப்பன் கட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் வாய் அப்போது சும்மா இருந்திருக்கலாம்.

"கத்திய நான் செய்யறேன் மாமா. என் கையாலயே அடிச்சு," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

"செய்ங்க மாப்பிள்ளை. அதுலதான் வெட்டுவேன்."

நான் அதுவரை ஓர் ஆணிகூட அடித்ததில்லை. ஆனால் என் பன்னுக் கைக்கு மரியாதை கிடைக்க வேறு வழி ஏது?

வீடியோக்கள் பார்த்தேன். அதில் கத்தி அடிக்கிற எல்லாருக்கும் தாடி இருந்தது, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. எனக்கு இருந்தது பதினோராவது மாடியில் துணி காயப்போடும் இடம். எஃகுக்கு ஒரு பழைய அரம் கிடைத்தது. பட்டறைக் கல்லுக்குப் பதிலாக, உடம்பைக் குறைக்க வாங்கி ஒரு நாளும் தூக்காத இரும்பு டம்பெல். காற்றடிக்கத் துருத்திக்குப் பதில், காற்று மெத்தைக்கான பேட்டரி பம்பு. (எல்லாம் மாலதிக்குத் தெரியாமல்தான், பின்னே?) உலைதான் இல்லை.

அப்போது சீனர்களின் ஏழாம் மாதம். இறந்தவர்களுக்குக் காகிதப் பணம், காகிதச் சட்டை, காகிதக் கார் என்று எரித்து அனுப்புகிற மாதம். எரித்தது அங்கே போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. அதற்கென்று எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இடுப்பளவு உயரத்தில் இரும்புத் தொட்டி வைத்திருந்தார்கள். பகலில் அது காலியாக இருந்தது. நெருப்புக்கென்றே செய்த தொட்டி, காற்றுப் போகத் துளை வேறு. கடவுளே எனக்கு உலை அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். அது யாருடைய கடவுளின் உலை என்று யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கரி கொட்டி, அரத்தைப் பழுக்கக் காய்ச்சி, டம்பெல் மேல் வைத்து அடித்துக் கத்தி மாதிரி ஆக்கினேன். வாரம் முழுக்க உட்கார்ந்து தேய்த்ததில் நிஜமாகவே கத்தியாகிவிட்டது. நானே அசந்துபோனேன். அடுத்த சனிக்கிழமை, அதாவது விருந்துக்கு முந்தைய நாள், கடைசி வேலை பாக்கி: மறுபடி சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். காந்தத்துக்குக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த முருகரைக் கழற்றிக்கொண்டேன். எண்ணெய்க்கு, மாமியார் எனக்குத் தலைமுழுகக் கொடுத்திருந்த நல்லெண்ணெயை ஒரு பிஸ்கட் டின்னில் ஊற்றிக்கொண்டு இறங்கினேன்.

கத்தி சிவந்துகொண்டிருந்தபோது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. எங்கள் மாடியிலேயே இரண்டு வீடு தள்ளியிருக்கும் லிம் அங்கிள். கையில் காகிதக் கட்டு. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு யாருக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் மாமனாருக்கு, அவர் இறைச்சிக் கடைக்காரர் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. எப்போது என்றார். நாளைக்குத்தான், சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். வயது கேட்டார். அறுபது என்றேன்.

"சோ யங்," என்றார் லிம் அங்கிள்.

நானும் பெருமையாக, ஆமாம் அங்கிள், பார்த்தால் ஐம்பதுதான் மதிக்கலாம் என்றேன்.

முருகர் கத்தியில் ஒட்டவில்லை. எடுத்து எண்ணெயில் இறக்கினேன். குபீரென்று என் உயரத்துக்குத் தீ எழுந்தது. நான் அலறிப் பின்னால் குதித்தேன். தீ அடங்கியபோது லிம் அங்கிள் கண்ணை மூடி, தலை குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். என் தொழில்திறமைக்கு மனிதர் மரியாதை செய்கிறார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி ஒரே ஒரு கட்டம். எண்ணெயில் தோய்த்த எஃகு கண்ணாடி மாதிரி. கடினமாக இருக்கும், ஆனால் தட்டினால் உடையும். அதை ஓவனில் மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால்தான் வைக்கோல் நிறம் வந்து பக்குவப்படும். மாலதி வெண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கத்தியை வழிய வழிய எண்ணெயோடு அவள் ஓவனுக்குள் வைத்தேன். துடைத்துவிட்டு வைக்க வேண்டும் என்று எல்லாத் தாடிக்காரர்களும் சொல்லியிருந்தார்கள். அவசரத்தில் மறந்துபோனது.

கொஞ்ச நேரத்தில் சமையலறையில் பொங்கல் போகி மாதிரி புகை. கூரையிலிருந்த தீ எச்சரிக்கைக் கருவி கத்த ஆரம்பித்தது. நாற்காலி மேல் ஏறி அதற்குத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தபோது வாசற்கதவு திறந்தது. மாலதி நின்றாள். கண் சிவந்து, கன்னமெல்லாம் ஈரம். ஒரு கையில் ஒரு வெள்ளை உறை. இன்னொரு கையிலிருந்த போனில் என் மாமனார் குரல் கேட்டது.

"உயிரோடதாம்மா இருக்கேன். எலும்பு வெட்டிட்டிருக்கேன். எவன் சொன்னது?"

லிஃப்டில் லிம் அங்கிள் அவள் கையைப் பிடித்து, உன் அப்பா விஷயம் கேள்விப்பட்டேன் என்று ஆறுதல் சொல்லி, சீன வழக்கப்படி துக்க வீட்டுக்குக் கொடுக்கும் பண உறையையும் கொடுத்திருக்கிறார். எனக்கு நாற்காலி மேல் நின்றபடியேதான் விஷயம் விளங்கியது. நெருப்பு, கத்தி, நாளைக்கு, அறுபது, சோ யங் எல்லாம் வரிசையாக வந்து மண்டையில் அடித்தன.

"எங்கப்பாவ ஏங்க சாகடிச்சீங்க?" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சி, "என் ஓவன்ல என்ன வேகுது?" என்றாள்.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். சொன்னேன். அவள் இடுக்கியால் கத்தியை எடுத்து வெளியே நடைபாதையில் போட்டாள். என்னை இனி ஓவன் பக்கமே விட மாட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. உறையைத் திருப்பிக் கொடுத்து உண்மையைச் சொல்லிவிட்டு வரும்படி உத்தரவு. போனேன். லிம் அங்கிள் வீடு பூட்டியிருந்தது. அப்பாடா என்று திரும்பி வந்துவிட்டேன். (நாளைக்குப் பார்த்துக்கலாம்னு ஒரு நினைப்புதான்!)

கத்தி பக்குவப்படவில்லை என்று மாமனாரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பிடி போட்டு ரிப்பன் கட்டியதும் அது அவ்வளவு அழகாக இருந்தது. வெட்டப்போவது கேக்தானே, ஆட்டுத் தொடையா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மண்டபத்தில் முதல் அடி மூக்கில் விழுந்தது. மாலதி ஓவனை எத்தனை முறை கழுவியும் கேக்கில் நல்லெண்ணெய் வாசனை ஏறியிருந்தது. ஒரு உறவினர், எள்ளுக் கேக்கா, புதுசா இருக்கே என்று பாராட்டினார். மாமியார் முகம் கறுத்தது. கருமாதியில் இறைக்கிற எள் அறுபதாம் கல்யாணத்தில் எதற்கு வருகிறது என்று முணுமுணுத்தார். நான் அவசரமாகக் கத்தியை ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். கையில் கொடுத்தால் சண்டை வருமாம்.

மாமனார் கத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் முனையைத் தடவினார். "நிசமாவே நீங்க அடிச்சதா?" என்று கேட்டபோது அவர் குரலில் இருந்த ஆச்சரியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. என் வாழ்க்கையில் அந்த ஒரு நிமிடம் நான் மாப்பிள்ளையாக இருந்தேன்.

கேக்கை அழுத்தி வெட்டுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். காலமெல்லாம் ஆடு வெட்டிய கை. தோளுக்கு மேல் ஓங்கி ஒரே போடாகப் போட்டார். கேக்குக்கு அடியில் பளிங்குத் தட்டு. ணங் என்றது. கத்தியின் முன்பாதி உடைந்து அவர் தோளுக்கு மேலே பறந்து, பின்னால் கட்டியிருந்த பேனரில் குத்தி நின்றது. பேனரில் இருந்ததும் அவர் படம்தான். குத்திய இடம் கழுத்து.

மண்டபம் செத்துப்போனது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் தள்ளியிருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் சிரிப்புக்கு முன்னால் வந்து நிற்கிறது.

மாமனார் திரும்பிப் பேனரைப் பார்த்தார். கையிலிருந்த மிச்சத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"திருஷ்டி கழிஞ்சிருச்சு. சாப்பாட்டப் போடுங்க," என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் மாமியாரும் ஓய்வெடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காரில் மாலதி, லிம் அங்கிள் கதையையும் விடாமல் சொல்லித் தீர்த்தாள். மாமனார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கழுத்தில் ரோஜா மாலை, நெற்றி நிறையச் சந்தனம், கையில் பாதிக் கத்தி. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அதை அவரே எடுத்துக்கொண்டிருந்தார்.

பதினோராவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. எதிரில் லிம் அங்கிள், கையில் படையலுக்கு ஆரஞ்சுப் பழங்கள். என் மாமனாரை அவருக்கு ஏற்கெனவே தெரியும்; எங்கள் வீட்டுத் தீபாவளிக்கு வந்து அவரோடு உட்கார்ந்து கறி சாப்பிட்டவர். பழங்கள் ஒவ்வொன்றாக உருண்டு லிஃப்டுக்குள் வந்தன. அவர் பார்வை மாலையிலிருந்து சந்தனத்துக்குப் போய், கத்தியில் வந்து நின்றது. தன் கண் முன்னால் அந்தத் தொட்டியில் காய்ச்சி அனுப்பிய அதே கத்தி. நான் குனிந்து பழங்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"யூ ரிசீவ் ஆல்ரெடி?" என்றார் லிம் அங்கிள், நடுங்கும் குரலில்.

மாமனார் கத்தியை உயர்த்திக் காட்டினார்.

"ரிசீவ்ட்," என்றார். "பட் புரோக்கன் லா."

லிம் அங்கிளை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, உறையைத் திருப்பிக் கொடுத்து நம்ப வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இப்போதும் மாமனாரை லிஃப்டில் பார்த்தால் முதலில் அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்கிறார்.

பாதிக் கத்தி தேக்கா கடையில் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. ஆயுத பூஜைக்கு மற்றக் கத்திகளோடு அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு. போன பிறந்தநாளுக்கு அவருக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் ஆள் மூலம் கடைக்கு அனுப்பிவைத்தேன். வந்து சேர்ந்ததா என்று போனில் கேட்டேன். மறுமுனையில் எலும்பு வெட்டும் சத்தம் நின்றது.

"ரிசீவ்ட் மாப்பிள்ளை," என்றார். "எதுக்கும் எதுல எரிச்சு அனுப்புனீங்கன்னு சொல்லிடுங்க."