ஆளில்லாத மெஷினுக்குப் பொட்டு வைத்தவர்

ராஜபாளையத்து மில்களை வாயாலேயே அதிக தடவை இழுத்து மூடியவர் யாரென்று போட்டி வைத்தால், எங்கள் ‘மூடப்போறான்’ அண்ணாச்சிக்கு இரண்டாம் இடம் கிடைக்க வாய்ப்பே இல்லை.

வன்னியம்பட்டியிலிருந்து ஷிப்டுக்கு வருவார். நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றி, வெறுங்குழலை மாட்டுகிற வேலை. கேண்டீன் சாம்பார் தண்ணியாக இருந்தால் கம்பெனி நொடித்துவிட்டது, மூடப்போறான் என்பார். கெட்டியாக இருந்தால் கடைசிச் சாப்பாடு, அதான் கவனிக்கிறான் என்பார். மேனேஜர் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் உறுதி. சுவருக்கு வெள்ளையடித்தபோது, விற்கத்தான் அடிக்கிறார்கள் என்று சொல்லி ஒரு ஷிப்டுக்கே சோறு இறங்காமல் செய்தார். டிப்ளமோ முடித்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சூப்பர்வைசராகப் போன நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு, கண்டுகளைத் தானே கழற்றி, வெறுங்குழலையும் தானே மாட்டிக்கொள்ளும் மெஷின் வந்து இறங்கியது. பக்கத்தில் ஆளே வேண்டாம். அண்ணாச்சி என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். ‘மூடப்போறான்’ என்று அவர் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. அவரவர் ஓட்டுகிற மெஷினை அவரவரே துடைத்து, மாலை போட்டு, சந்தனம் வைப்பது எங்கள் மில் வழக்கம். பூஜை முடிந்து சுவிட்சைப் போட்டால் எல்லாம் ஓடியது. புதுசு மட்டும் அசையவில்லை. திறந்து பார்த்தால், அதற்குக் கண் மாதிரி இருக்கிற சென்சார் ஒவ்வொன்றிலும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம்.

எவனோ வேண்டுமென்றே கெடுத்திருக்கிறான், இன்றைக்கே வெளியே அனுப்புகிறேன் என்று மேனேஜர் குதித்தார். அண்ணாச்சி முன்னால் வந்தார்.

“நாந்தான் சார். அதுக்குன்னு ஆளு கெடையாதுல்லா, யாரும் பொட்டு வைக்கல. அது கோவிச்சுக்கிட்டா எங்க பொழப்பு என்னாகும்? அதான் கண்ணு கண்ணாப் பாத்து வச்சேன்.”

எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது: “சார், அந்தக் கண்ணுல பஞ்சு படியுது. தெனம் தொடைக்க ஒரு ஆளு வேணும்.”

“அப்ப இவரையே போடு. எம்புட்டு நாளைக்குன்னு பாப்போம்” என்றார் மேனேஜர்.

எத்தனை நாளைக்கு என்கிற அந்தக் கேள்வி இன்னும் மில்லுக்குள்ளேயே நிற்கிறது. தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் மெஷினும் இருக்கிறதாம். சூப்பர்வைசர் வேலையைப் பார்க்கும் கம்ப்யூட்டரும் வருகிறதாம்.

இப்போதெல்லாம் உள்ளே நுழைந்ததும், புது மெஷின் வரிசையில் குனிந்து துடைக்கிற அந்த முதுகைத்தான் முதலில் தேடுகிறேன். கண்ணில் பட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வருகிறது.