கிணற்றைக் கேட்டுச் சமையல்

ஓட்டலில் வேலை பார்த்தவர்களைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். வெளியூர் போனால் ஓட்டலுக்குள் நுழைய மாட்டார்கள். வாழைப்பழம் வாங்குவார்கள். இளநீர் குடிப்பார்கள். தோலோ ஓடோ மூடியிருக்கிற சாமானாகப் பார்த்து வாங்குவார்கள். நானும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட மனைவியை ஓட்டலுக்குக் கூட்டிப் போனதில்லை. (கஞ்சன் என்று பேர். இருக்கட்டும்.)

காரணம் உண்டு. பேசிப் பழக்கமில்லாதவன். சுருக்கமாகத்தான் வரும்.

மூலனூர்ப் பக்கம் எங்கள் முருங்கைத் தோட்டம் காய்ந்தது. திருப்பூர் வந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பனியன் கம்பெனியில் கேட்டேன். மெஷின் பழகும்வரை சம்பளம் கிடையாது என்றார்கள். பசித்தது. எதிரில் ஒரு மெஸ் இருந்தது. அங்கே சேர்ந்துவிட்டேன்.

அந்தக் கம்பெனிக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் மெஸ்ஸிலிருந்துதான் போகும். முதலாளியை எல்லோரும் அண்ணன் என்போம். மரியாதைக்காரர். இலை பொறுக்க வரும் நாயைக்கூட 'அக்கட்டால போங்க' என்றுதான் விரட்டுவார்.

மெஸ்ஸுக்குப் பின்னால் கிணறு. கிணற்றை ஒட்டி சாயப்பட்டறையின் சாக்கடை. கிணற்றுச் சுவரில் விரிசல். பட்டறையில் அன்றைக்கு என்ன சாயம் ஓடுகிறதோ அதுதான் எங்கள் கிணற்றிலும்.

காலையில் என் முதல் வேலை வாளியை உள்ளே விட்டுப் பார்ப்பது. மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அடுப்படியில் இருந்தபடியே கேட்பார்.

"என்னடே, இன்னைக்கு என்ன கலரு?"

"செவப்புங்க மாஸ்டர்."

"அப்ப தக்காளிச் சாதம்."

மஞ்சள் என்றால் எலுமிச்சை சாதம். பச்சை என்றால் புதினா சாதம். கறுப்பு என்றால் வத்தக்குழம்பு. தண்ணீரை நாலாக மடித்த பனியன் துணியில் வடிகட்டுவோம். துணிதான் கலராகும். தண்ணீர் வெளுக்காது. எங்கள் தக்காளிச் சாதத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு, என்ன பொடி போடுகிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு.

நீலம்தான் தகராறு. நீலக் கலரில் ஒரு சாப்பாட்டை இதுவரை தமிழ்நாட்டில் எவனும் கண்டுபிடிக்கவில்லை. அன்று மட்டும் அண்ணன் லாரித் தண்ணீர் வாங்குவார். முகம் இழவு வீடு மாதிரி இருக்கும். நாங்கள் அன்றுதான் வயிறாரச் சாப்பிடுவோம். நீலம் வர வேண்டும் என்று சிவன்மலைக்கு வேண்டிக்கொண்டவன் நான்.

என் மனைவி பூங்கொடிக்கு எதிர்க் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்த பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். (பனியனில் கடுகளவு கறை இருந்தாலும் பிடித்துவிடுவாள். தட்டில் இருந்ததைப் பிடிக்கவில்லை.) அப்போது மாசமாக இருந்தாள். வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போ என்றேன்.

"கட்டுன புருசன் ஆக்கற சோத்த வுட்டுப்போட்டு நான் எதுக்குங்க மாமா தூக்குப்போசி தூக்கோணும்?" என்றாள்.

பெருமையாக இருந்தது. விட்டுவிட்டேன்.

அவள் வாந்தி எடுத்தாள். மாசமாக இருந்தால் எடுப்பார்கள் என்று எல்லோரும் மாங்காய் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்று வேலை செய்த சாந்தாமணியும் எடுத்தாள். தாராபுரம் பக்கத்துப் பெண். பதினேழு வயது. கல்யாணமாகவில்லை. அவளுக்கு யாரும் மாங்காய் கொடுக்கவில்லை. ஊருக்குத் தகவல் போனது.

ஒருநாள் பூங்கொடி வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சாந்தாமணிய அவங்கய்யன் வந்து கம்பெனி கேட்டுலயே வெச்சு அறைஞ்சு போட்டாருங்க. எவன்னு சொல்லு, எவன்னு சொல்லுன்னு."

"எவன்?"

"எவனுமில்லீங்க மாமா. அந்தப் புள்ளைக்குத் துணியில டேமேஜ் பாக்கறத வுட்டா வேற ஒண்ணுந் தெரியாது. சனிக்கெழம சம்பளம் வாங்குனதீம் கூட்டிட்டுப் போறாராமா. யாரோ ரெண்டாந்தாரமாக் கேக்கறாங்களாமா. கட்டி வெச்சுத் தலை முழுகிடறேங்கறாரு."

அன்று மத்தியானம் தக்காளிச் சாதம்.

சொன்னேன். கிணறு, சாக்கடை, விரிசல், கலர், எல்லாம். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

பூங்கொடி வயிற்றில் கை வைத்தாள். பிறகு, "போயிச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். கும்பிட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

"கொதிக்க வெச்சா எல்லாஞ் செத்துப் போகுஞ் சாமி" என்றார்.

"கிருமி சாகுமுங்க அண்ணா. சாயஞ் சாகுங்களா?"

அவர் கோபப்படவில்லை. என் தோளைத் தட்டினார். "கண்ணு, நீ ரொம்ப யோசிக்கற. ஒடம்புக்கு ஆகாது" என்றார்.

நகராட்சிச் சுகாதார ஆபீசுக்குப் போனேன். மனு எழுதிக் கொடு என்றார் இன்ஸ்பெக்டர். எழுதினேன்.

"பேரு போடாமக் குடுக்கலாங்களா சார்?"

"பேரில்லாத மனுவை எடுக்க மாட்டோம். போடு. வெளிய வராது."

"தெரிஞ்சா வேலைய வுட்டு நிறுத்திருவாங்க சார். அப்பிடி நிறுத்தக் கூடாதுன்னு சட்டம் எதாச்சு இருக்குங்களா?"

"இருக்கலாம். அது லேபர் ஆபீஸ். அங்க கேளு."

லேபர் ஆபீசில் கேட்டேன். "சாப்பாட்டுல கோளாறுன்னா சுகாதார ஆபீசுக்குப் போங்க" என்றார்கள். இரண்டு ஆபீசுக்கும் நடுவில் ஒரு டீக்கடை இருந்தது. உட்கார்ந்தேன். டீ குடிக்கவில்லை. (தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்களோ.)

திரும்பிப் போய்ப் பேர் போட்டுக் கொடுத்தேன். எப்போது வந்தால் சாயத்தைப் பார்க்கலாம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இங்கேதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. கம்பெனித் துணி அந்தப் பட்டறைக்குத்தான் சாயம் போடப் போகும். எந்த நாளில் எந்தக் கலர் என்று பூங்கொடிக்குத் தெரியும். சனிக்கிழமை மெரூன். இரத்தம் மாதிரி வரும். அன்றுதான் சாந்தாமணியின் அய்யனும் வருகிறார். வாளியைத் தூக்கி அவர் முன்னாலேயே காட்டிவிடலாம்.

"சனிக்கெழம மத்தியானம் வாங்க சார்" என்றேன், ஏதோ விருந்துக்கு அழைப்பது போல.

சனிக்கிழமை கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அடுப்படி வேலைக்கு. நாலு பேர் பார்ப்பார்கள், இன்ஸ்பெக்டர் கை கொடுப்பார் என்று ஒரு நினைப்பு. இன்று நினைத்தாலும் அந்தச் சட்டையை எரிக்கலாம் போல இருக்கிறது.

"என்ன கண்ணு, பொண்ணு பாக்கப் போறியா?" என்றார் அண்ணன். என்னை உடனே வாழை இலைக் கட்டு எடுத்துவர மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டார். காலையில் வாளியை நான் விடவில்லை. திரும்பி வருவதற்கும் இன்ஸ்பெக்டரின் ஸ்கூட்டர் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"இங்க யாருய்யா பழனிசாமி? மனு குடுத்தது?" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டார். (பேர் வெளியே வராது என்று சொன்னவர் இவரேதான்.)

அண்ணன் என்னைப் பார்த்தார். சிரித்தபடிதான் பார்த்தார்.

கிணற்றடிக்குப் போனோம். இன்ஸ்பெக்டர், அண்ணன், மாஸ்டர், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர். எல்லோரும் பார்க்க நான்தான் இறைத்தேன்.

வாளி மேலே வந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வாளியின் அடி பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கிணற்றில் அப்படி ஒரு தண்ணீரை நான் பார்த்ததே இல்லை.

"எங்கய்யா சாயம்?"

"ஆர்டர் மாறிருச்சு போலங்க சார்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் வேறு பக்கம் பார்த்தார். நான் சொன்னது உண்மைதான். வெளிநாட்டுப் பார்ட்டி மெரூன் வேண்டாம், வெள்ளை போதும் என்று சொல்லிவிட்டானாம். வெள்ளைக்குச் சாயம் கிடையாது. மருந்து ஊற்றி வெளுக்கிறதோடு சரி. அந்த மருந்துத் தண்ணீர்தான் வாளியில்.

இன்ஸ்பெக்டர் குனிந்து முகர்ந்தார். "ப்ளீச்சிங் பவுடர் வாசம் வருதே?"

எனக்கு உயிர் வந்தது. "அதுதானுங்க சார்..."

"வெரி குட்! நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன், எந்த ஓட்டல்லயும் போட மாட்டேங்கிறான்."

"தெனமும் போடறமுங்க சார்" என்றார் அண்ணன். "சனங்க வயிறு முக்கியமில்லீங்களா?"

"குடிக்காதீங்க சார்" என்றேன்.

அதற்காகவே குடித்தார். ஒரு டம்ளரை என்னைப் பார்த்தபடி குடித்தார். இன்னொரு டம்ளர் வாங்கி அதையும் குடித்தார். வெள்ளை நாளானதால் அன்று தயிர்சாதம். அண்ணன் தலைவாழை இலை போட்டு உட்காரவைத்தார். சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் என்னிடம், "பொய் மனு குடுத்தா உன்மேல கேஸ் போடலாம், தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க சார்."

(சட்டத்தைப் பற்றி அரசாங்கம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான்.)

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். மிருதுவான கை. "இனிமேப்பட்டு நீங்க வந்து சிரமப்பட வேண்டாஞ் சாமி" என்றார். அதுவரை 'நீ' என்றவர். வேலை போனபிறகுதான் எனக்கு 'நீங்க' கிடைத்தது.

வெளியே வந்தேன். கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்து, பெண்கள் எல்லாம் கேட்டுக்கு வந்திருந்தார்கள். சாந்தாமணி துணி மூட்டையோடு நின்றாள். கன்னத்தில் வீக்கம் வற்றவில்லை. அவளுடைய அய்யன் மூட்டையை வாங்கித் தோளில் போட்டார். பூங்கொடி என் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் ஸ்கூட்டரை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். அப்படியே நின்றார். முகம் பச்சையானது. (எங்கள் கணக்கில் புதினா.) ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடிக் கம்பெனி கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

வந்தது. தயிர்சாதம், தண்ணீர், எல்லாம். நிற்கவே இல்லை. பெண்கள் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் நிமிர்ந்து வாயைத் துடைத்தார். அப்போது பூங்கொடி கேட்டாள். வழக்கமான மரியாதையோடுதான் கேட்டாள்.

"ஏனுங்க சார், எத்தனாவது மாசமுங்க?"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு கேட்டே அதிர்ந்தது. சாந்தாமணி சிரிக்கவில்லை. அழுதாள்.

அவளுடைய அய்யன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். மெஸ்ஸைப் பார்த்தார். என்னிடம் வந்தார்.

"இவரும் அங்கதான் தின்னாருங்களா?"

"ஆமாங்க. இந்தப் புள்ளைங்களுக்கும் அங்கிருந்துதானுங்க சோறு வருது."

மூட்டையை இறக்கினார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "உள்ள போ கண்ணு. வேலையப் பாரு" என்றார். அடித்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே எழுதினார். வேறு மாதிரி எழுதினால், குடித்தது யார் என்று எழுத வேண்டும். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து கம்பெனிப் பெண்கள் தூக்குப்போசியில் வீட்டுச் சோறு கொண்டு வந்தார்கள். மெஸ் வெளியாட்களை வைத்து ஓடியது.

நான் வேலை தேடினேன். எல்லா மெஸ்ஸிலும் கிணறு இருந்தது. எல்லா முதலாளிக்கும் என் பேர் தெரிந்திருந்தது. எல்லோரும் மரியாதையாகத்தான் வேலை இல்லை என்றார்கள். கடைசியில் வேலை கொடுத்தது அந்தச் சாயப்பட்டறைதான். அதன்பிறகு மெஸ்ஸில் என்ன சமையல் என்பது என் கையில் இருந்தது. நீலம் போடச் சொல்லும் நாளில் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தேன். ஏன் என்று பட்டறையில் யாருக்கும் தெரியாது.

எங்கள் பிள்ளை தங்கவில்லை. ஏழாம் மாதம். எதனால் என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதன்பிறகு இன்ஸ்பெக்டர் கதையை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. மாதக் கணக்கைக் கேலியாகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதைத் திரும்ப எடுத்தது பூங்கொடிதான். சாந்தாமணியை என் தம்பிக்குக் கட்டினோம். கல்யாணப் பந்தியில் தம்பிக்குப் பாயசம் புரையேறி இருமினான். பூங்கொடி இலையிலிருந்து நிமிர்ந்தாள்.

"ஏனுங்க மாப்ளே, எத்தனாவது மாசமுங்க?"

பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைகழுவ எழுந்து போனாள். வர நேரமானது. நான் இலையை மூடாமல் காத்திருந்தேன்.

இப்போது எங்களுக்கு இரண்டு பெண்கள். எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளை எவனும் நிம்மதியாக வாந்தி எடுக்க முடியாது. போன வருஷம் எனக்கு வயிற்றுக் கோளாறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். டாக்டர் ஊசியோடு வந்து, "எத்தனை நாளா இருக்கு?" என்றார்.

"நாளுங்களா?" என்றாள் சாந்தாமணி. "மாசத்தக் கேளுங்க சார்."

பூங்கொடி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை. அவள் சிரித்து முடிக்கிறவரை டாக்டர் ஊசியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.