சபைக்கு நான் விற்ற ஸ்போர்ட்ஸ் கார் பம்ப்

பொய் சொல்லி நான் எதையும் விற்றதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரே ஒரு முறை விற்றிருக்கிறேன். அந்த ஒரு முறையே ஆயுளுக்கும் போதுமானதாக இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பூந்தமல்லிக்காரர் ஒருவரிடம் இரண்டே பேர் உட்காரும் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. ஆட்டோமேட்டிக் கியர். கியர்பெட்டிக்குள் எண்ணெயை அழுத்தி அனுப்பும் ஹைட்ராலிக் பம்ப் தேய்ந்துவிட்டது. "ரெடி பண்ணிக் குடு, வாங்கிக்கறேன்" என்றார். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் பல்சக்கரம் கடைந்து, சீல் மாற்றி எடுத்துப் போனால், மனிதர் காரையே விற்றிருந்தார். (பம்ப் இல்லாமல் எப்படி ஓட்டிப் போனார்கள் என்று கேட்டேன். லாரியில் ஏற்றிப் போனார்களாம்.)

பம்பைச் சுமந்துகொண்டு மெக்கானிக் மணியிடம் போனேன்.

"இந்த வண்டி மெட்ராஸ்லயே ரெண்டுதான் நைனா கீது" என்றான். "ஒண்ணு லாரில பூட்ச்சி. இன்னொண்ணுல கோழி முட்ட வச்சிகினு கீது."

பம்ப் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கடியில் குடியேறியது. அம்மா தினமும் அதில் கால் இடித்துக்கொண்டாள். கடைசியில் சபையில் போய், "எம் புள்ள சொந்தமா ஒரு பம்ப் செஞ்சி வச்சிருக்கான்" என்று சாட்சி சொல்லிவிட்டாள். முத்தாபுதுப்பேட்டையில் இருந்த எங்கள் கோயிலின் கிணற்று பம்ப் அப்போதுதான் எரிந்துபோயிருந்தது. சபையார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசன விருந்துக்கு நான்கே நாள். போதகரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, இது தண்ணி இறைக்குமா?"

"எதையும் இறைக்கும் ஐயா."

காணிக்கைப் பணத்திலிருந்து விலையை எண்ணிக் கொடுத்தார். எதற்காகச் செய்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். (சொல்லியிருக்க மாட்டேன்.)

மோட்டாரோடு சேர்த்து, கிணற்றிலிருந்து நேராகச் சமையல் கொட்டகைக் குழாய்க்கு இணைத்தேன். சக்கரம் இறுகாமலிருக்க, அந்தக் காருக்கென்று வாங்கி வைத்திருந்த எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். அந்த எண்ணெயின் நிறம் சிவப்பு. நல்ல சிவப்பு.

விருந்தன்று போதகர் ஜெபித்துவிட்டு சுவிட்சைப் போட்டார். பம்ப் செருமியது. இருமியது. பிறகு குழாயிலிருந்து சிவப்பாகப் பீறிட்டு அரிசி அண்டாவில் கொட்டியது. அரிசி களைந்துகொண்டிருந்த கிரேஸ் என்ற பெண்ணின் இரண்டு கையும் முழங்கைவரை சிவந்தன.

எல்லோரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். எகிப்தின்மேல் கடவுள் பத்து வாதைகளை அனுப்பி, முதல் வாதையில் தண்ணீரெல்லாம் இரத்தமான பைபிள் கதையை அங்கே பால்குடி மறந்த எல்லோருமே கேட்டு வளர்ந்தவர்கள். ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "இது மொத வாதை ஐயா. இன்னும் ஒம்போது கீது."

போதகர் விரலில் தொட்டு முகர்ந்தார்.

"தம்பி, இது எண்ணெ."

"ஆமா ஐயா."

"எதுக்கு ஊத்துற எண்ணெ?"

"ஸ்போர்ட்ஸ் காருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபிக்கிறார் என்று நானும் மூடிக்கொண்டேன். திறந்தபோது சபையில் பாதிப்பேர் பன் வாங்க பேக்கரிக்குப் போயிருந்தார்கள். அம்மா எனக்குத் தாயே இல்லை என்பதுபோல மரத்தடியில் நின்றிருந்தாள். கிரேஸ் மட்டும் என் எதிரில் கையை நீட்டியபடி நின்றாள்.

"சோப்பு கீதா, இல்ல அதையும் நீங்கதான் செய்யணுமா?"

அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. மூன்று வருடம் கழித்து, அதே கோயிலில், அதே போதகர் எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். (கொட்டகையில் எதையும் தொடமாட்டேன் என்று என்னிடம் முன்கூட்டியே உறுதி வாங்கிக்கொண்டார்.)

அன்றிலிருந்து நான் எந்த இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் கிரேஸ் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அது எத்தனையாவது வாதை என்பதை மட்டும் சொல்வாள். தொட்டால் ஷாக் அடித்த ஃபிரிட்ஜ், இரண்டு. தானாகவே வாசல்வரை நடந்துபோன வாஷிங் மெஷின், மூன்று. போன மாதம், பழுதான வாட்டர் ஃபில்டர் ஒன்றை நானே சரிசெய்து அடுப்படியில் மாட்டினேன். ஒரு டம்ளர் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"எட்டு" என்றாள்.