நான் சூரியனாக இருந்த நாற்பது நிமிடங்கள்

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நான் சூரியனாக இருந்திருக்கிறேன். மொத்தம் நாற்பது நிமிடம். அதற்குள் மயக்கம் போட்டு விழுந்துவிட்டேன். நிஜச் சூரியனுக்கு இன்னும் ஐந்நூறு கோடி வருடம் ஆயுள் பாக்கி இருக்கிறதாம். அதன் பொறுமையை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் தற்காலிக அறிவியல் ஆசிரியர். மூன்றாவது வருடமாகத் தற்காலிகம். ராஜபாளையத்திலிருந்து காரில் வரும் தாளாளர் அம்மா, "அறிவியல் விழாவுல நீங்க என்ன செய்றீங்கன்னு பார்த்துட்டு நிரந்தரம் பத்திப் பேசலாம்" என்று சொல்லியிருந்தார். சுந்தரபாண்டியத்தில் எங்கள் வீட்டிலோ, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, போலீஸ் தேர்வு விண்ணப்பத்தை என் பெயரில் நிரப்பியே வைத்திருந்தார். "இந்த வருசமும் டெம்பரரின்னா நாளைக்கே கிரவுண்டுக்கு வந்துரணும். ஓடப் பழகணும்லே" என்றார். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன் நான். அந்த விழாவில் எப்படியாவது பெயர் வாங்கியே ஆக வேண்டும்.

மற்ற ஆசிரியர்கள் எரிமலை செய்தார்கள். (எந்த அறிவியல் விழாவிலும் ஓர் எரிமலை வெடித்தே தீரும்.) நான் சூரியக் குடும்பத்தையே மைதானத்தில் நடக்கவிடத் திட்டம் போட்டேன். பிள்ளைகள் கோள்கள், நான் சூரியன். சூரியனின் உள்ளமைப்பை விளக்க ஒவ்வோர் அடுக்காகக் கழற்றிக் காட்டுவது என் மூளையில் உதித்த தனி யோசனை. மையக்கருவுக்குச் சிவப்புச் சட்டை. அதன் மேல் கதிர்வீச்சு மண்டலமாக அப்பாவின் ராணுவக் கம்பளி. வெப்பச்சலன மண்டலத்துக்கு ஜமுக்காளம், ஒளிமண்டலத்துக்கு மஞ்சள் வேட்டி. எல்லாவற்றுக்கும் வெளியே கரோனாவாக, மஞ்சளில் நனைத்துக் காயவைத்த பேண்டேஜ் துணி. கம்பளியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டவர், விழா பார்க்க என்னோடு வந்திருந்த அப்பாதான். ராணுவத்து முடிச்சு. மாசி மாதம், காலை பதினோரு மணி வெயில். நான் படித்தவன் என்று வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதல் அடி சனியிடமிருந்து விழுந்தது. வளையத்தோடு இருக்கும் அழகான கோள் என்பதால், தாளாளர் அம்மாவின் பேரனுக்கே அதைக் கொடுத்திருந்தேன். (அதை மரியாதை என்று வேறு நினைத்தேன். என்னை எதால் அடிப்பது?) இடுப்பில் பிளாஸ்டிக் வளையமும் கழுத்தில் 'சனி' என்ற அட்டையுமாகப் பையன் வந்து நின்றதும், முன்வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"ஏமி சார் இது?" கோபம் வந்தால் மட்டும் அவருக்கு வீட்டுத் தெலுங்கு வரும். "இவனுக்கு இப்பத்தான் ஏழரை முடிஞ்சிருக்கு. நீங்க திரும்பக் கழுத்துல மாட்டிவிடுறீங்க!"

பதறிப்போய் அட்டையை அடுத்த பையன் கழுத்தில் போட்டேன். அவன் அம்மா ஓடிவந்தார். "சார், எம்புள்ளைக்கு அட்டமத்துச் சனி. வேற எதாச்சும் குடுங்க. வியாழன் இருக்கா? குருபலன் இல்லாம இவன் அக்கா கல்யாணம் தட்டிக்கிட்டே போவுது."

"அம்மா, சனி வெறும் வாயுக் கோளம்மா. தண்ணியில போட்டா மிதக்கும்" என்றேன்.

"மிதக்கட்டும் சார். எம்புள்ள மேல மிதக்க வேண்டாம்."

அட்டை ஐந்தாறு கழுத்துகளைத் தொட்டுவிட்டு என் கைக்கே திரும்பி வந்தது. தாளாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். என் நிரந்தர வேலை கண்ணெதிரே ஆவியாகிக்கொண்டிருந்தது. அப்போது பெற்றோர் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். "ஏலே, அதை இங்கிட்டுக் குடு. நான் நிக்கேன்."

அப்பா! நான் தோற்பதைப் பார்த்துவிட்டுக் கையோடு கிரவுண்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்த அதே அப்பா. வளையம் தலை வழியாக இறங்கி, தொப்பையில் சிக்கி நின்றது. அதைப் பிடிக்க வேண்டிய வேலைகூட இல்லை.

நிகழ்ச்சி ஆரம்பமானது. முதலில் பழைய காலத்து நம்பிக்கை: நடுவில் பூமி, அதைச் சூரியன் சுற்றும். ஆறாம் வகுப்புப் பொன்மணி பூமியாக ஸ்டூலில் உட்கார, அத்தனை அடுக்குகளோடும் நான் அவளைச் சுற்றி மூன்று முறை ஓடினேன். பிறகு, "பூமி நடுவில் இல்லை, சூரியன்தான் நடுவில் என்று மனிதர்கள் கண்டுபிடித்தார்கள்" என்று மைக்கில் அறிவித்துவிட்டு, எழுந்திருக்கச் சொல்லிக் கண் காட்டினேன். பூமி அசையவில்லை.

"செத்த நேரம் சார். எங்கம்மா வீடியோ எடுக்காக."

வீடியோ முடிகிற வரை இன்னும் இரண்டு சுற்று ஓடினேன். பூமியை நடுவிலிருந்து எழுப்ப அந்தக் காலத்து அறிஞர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று அன்றுதான் புரிந்தது.

ஒருவழியாக ஸ்டூல் கிடைத்தது. "என்ன நடந்தாலும் சுத்துறதை நிறுத்தக் கூடாது" என்று பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டேன். கோள்கள் கிளம்பின. சனி மட்டும் கையை வீசி லெஃப்ட் ரைட் போட்டு நடந்தது. தாளாளர் அம்மாவைக் கடக்கும்போதெல்லாம் சல்யூட் வேறு. நான் கரோனாவை உருவினேன். வேட்டி போனது, ஜமுக்காளம் போனது. கம்பளியில் கை வைத்தால் முடிச்சு அவிழவில்லை. சூரியனின் மையக்கருவில் பிறக்கும் ஆற்றல் கதிர்வீச்சு மண்டலத்தில் முட்டி மோதி வெளியே வர ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகும் என்று பாடம் நடத்துவேன். என் உடம்புச் சூட்டுக்கும் அதே கதிதான். காது அடைத்தது, மைதானம் மங்கியது, ஸ்டூலோடு சாய்ந்தேன்.

கோள்கள் நிற்கவில்லை. கீழே கிடந்த என்னைச் சுற்றி ஒழுங்காக நடந்துகொண்டிருந்தன. (உத்தரவு அப்படி!) பாதை மாறியது ஒரே ஒரு கோள். வியாழனைத் தள்ளி, செவ்வாயைத் தாண்டி ஓடிவந்த அப்பா, கயிற்றை அறுத்து, வளையத்தோடு சேர்த்தே என்னைத் தோளில் தூக்கினார். முகத்தில் தண்ணீர் பட்டுக் கண் விழித்தபோது, என் மைக் அவர் கையில் இருந்தது.

"தாளாளர் அம்மா, இவன் அஞ்சு சுத்துக்கே விழுந்துட்டான். போலீசுக்கு லாயக்குப்பட மாட்டான்" என்று ஆரம்பித்தார். எனக்கு மறுபடி மயக்கம் வந்தால் தேவலை என்றிருந்தது. "ஆனா ஒண்ணு. சனி நம்மளையே சுத்திச் சுத்தி வாராருன்னு இம்புட்டு நாளா பயந்து கெடந்தேன். நானே சுத்திப் பார்த்துட்டேன். அவரு பாட்டுக்குச் சூரியனைச் சுத்துதாரு, நம்மளைத் திரும்பிப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? எனக்கே வெளங்குற மாதிரி சொல்லிட்டான் இவன். வாத்தியார் வேலைதான் இவனுக்குச் சரி."

முதலில் சிரித்தது தாளாளர் அம்மா. அப்புறம் மைதானமே சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை வந்தது. வியர்வை என்று சமாளித்தேன். அடுத்த வாரம் நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. போலீஸ் விண்ணப்பத்தை அப்பாவே கிழித்துப்போட்டார். அடுத்த வருட விழாவில் தாளாளர் அம்மாவின் பேரன், சனி அட்டையைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டான்.

புராணத்தில் சூரியனின் மகன்தான் சனி. ஆனால் இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் அம்மா, பொன்மணியின் அம்மாவிடம் கேட்டு வாங்கிய அந்த வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டுச் சொல்வார்: "எங்க வீட்டுல மட்டும் எல்லாம் தலைகீழ். சூரியனைப் பெத்ததும் சனிதான், தூக்கிட்டு வந்ததும் சனிதான்."