மூன்று நானோமீட்டர் என்று நான்தான் சொன்னேன்

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே மனைவியும் மகளும் நலம். என்னைப் பற்றிக் கீழே.

போன வாரம் அனுப்பிய படத்தில் என் முகம் ஏன் அப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பிளாட்டினத்தைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக வளர்க்கிறோம். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலத்துக்கு அதுதான் உயிர். துகள் மூன்று நானோமீட்டரோடு நிற்க வேண்டும், அதற்கு மேல் பெருத்தால் விலை உயர்ந்த உலோகமெல்லாம் உள்ளே அடைந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும், எங்கள் தலைவரைப் போல. வளர்ப்பது கெமிஸ்ட் அம்மா, நுண்ணோக்கியில் அளப்பது நான். இரண்டு வருடமாக ‘மூன்று’ என்றே எழுதிக் கொடுத்தேன். கரைசல் சீக்கிரம் கறுக்கிறது, துகள் பெருக்கிறது, இன்னொரு தடவை பாருங்கள் என்று அந்த அம்மா என் அறை வாசலில் வந்து நிற்பார். நான் கருவியைத் தட்டிக் காட்டி, இது பொய் சொல்லாது என்று அனுப்பிவிடுவேன். கட்டுரை அச்சாகி, தலைவர் பரிசு வாங்கி, எனக்கும் ஒரு பூங்கொத்து கொடுத்து, அந்தத் துகளை வைத்து ஓடிய பேருந்து எட்டாவது வாரம் பாலத்தின் நடுவில் நின்று, பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். அளவு சரி, ஆகவே வளர்த்தவர்தான் தப்பு என்று விசாரணையில் முடிவாகி, கெமிஸ்ட் அம்மாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்ட மூவரில் நானும் ஒருவன்.

போன மாதம் நுண்ணோக்கியைப் பார்க்க வந்த மெக்கானிக், மூன்று வருடம் முன்பு பழுது பார்த்தோமே, அதன் பிறகு அளவுகோலைச் சரிபார்த்தீர்களா என்று போகிற போக்கில் கேட்டார். நான் சரிபார்க்கவில்லை. அளவு தெரிந்த ஒரு தங்கத் துகளை வைத்துப் பார்த்தேன். ஐந்தை மூன்று என்று காட்டியது. தலைவரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, ஓய்வு பெற எனக்கு இன்னும் எத்தனை மாதம் என்று அன்பாக விசாரித்தார். ஏழு மாதம்.

கெமிஸ்ட் அம்மா வீட்டுக்கும் போனேன். பல்பொருள் அங்காடியில் பெட்டி அடுக்கிவிட்டு அப்போதுதான் வந்து, வீங்கின காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தங்கம், அளவுகோல் என்று அரைமணி நேரம் உளறினேன்.

“இதை என்கிட்ட சொல்லி என்ன சார் பண்றது? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க” என்றார். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே அக்கா, வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும்.

அத்தானுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. உங்கள் வீட்டிலாவது எல்லோருக்கும் நல்ல தூக்கம் வாய்க்கட்டும்.

உன் தம்பி

பி.கு.: இதை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். மனைவி படித்திருக்கிறாள். நான் துண்டோடு வந்து பார்ப்பதற்குள் என் கணினியிலிருந்து, என் பெயரில், ஒரு ஒப்புதல் கடிதமும் எல்லா நுண்ணோக்கிப் படங்களும் கட்டுரை வெளியிட்ட இதழாசிரியருக்கும் விசாரணைக் குழுவுக்கும் போய்விட்டன. “நீங்களே எழுதின மாதிரி இருக்கட்டும்னு அங்கங்க எழுத்துப்பிழை விட்டிருக்கேன்” என்றாள். பிறகு பிழைகளைத் திருத்தி, நானே மறுபடி அனுப்பினேன்.